பூவிழியின் படத்தை மூடிய துணி

மேடையில் இருக்கும் பண்ணை அதிகாரி ஐயாவுக்கும், பேராசிரியர்களுக்கும், பூவிழியைப் பெற்ற வயிறு எரிய முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விக்கிரமங்கலம் பொன்னுத்தாய் அக்காவுக்கும், ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கும், என்னோடு சோளக்காட்டில் பாடுபடும் பெண்களுக்கும் வணக்கம்.

நான் கலியம்மாள். வாலிகண்டபுரம் பக்கம் இருக்கிற இந்த மக்காச்சோள ஆராய்ச்சிப் பண்ணையில் பதினோரு வருசமாகக் கூலி வேலை செய்கிறேன். படிப்பு அஞ்சாவதோடு நின்றுபோச்சு. பூவிழி படத்தைத் திறந்துவைத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச்சை முதலில் பேசிவிடுகிறேன். பிறகு படத்துக்கு வருகிறேன்.

வெளியே ஃப்ளெக்ஸில் 'முனைவர் பூவிழி' என்று போட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிப் படிப்பே முடியாத அவள் எப்போது முனைவர் ஆனாள்? உயிரோடு இருந்தவரைக்கும் 'ட்ரெய்னி, இங்க வா' என்றுதானே கூப்பிட்டீர்கள்! செத்த பிறகு எதற்கு இந்தப் பட்டம்?

அவள் வேலையை நான் பார்த்தேன். கதிரில் பட்டுநூல் மாதிரி இழை வெளியே வருவதற்கு முன்னாலேயே காகிதப் பை மாட்டிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் வேறு மகரந்தம் விழுந்து ஒரு வருச ஆராய்ச்சி வீணாகிவிடும். தீபாவளி அன்றைக்கும் வந்து நின்றாள். "இன்னைக்குமா பாப்பா?" என்று கேட்டேன். "பூவுக்குத் தீபாவளி தெரியுமாக்கா?" என்று சிரித்தாள்.

அந்தப் பிள்ளையை நான் ஏசியிருக்கிறேன். மோட்டார் கொட்டகையில் சோறு தின்னும்போது, "சர்க்கார் சம்பளம் வாங்குற மகராசி, எங்களுக்கு ஒரு வடை வாங்கித் தந்தா கொறஞ்சா போயிடுவே?" என்பேன். "அடுத்த மாசம்க்கா, சத்தியமா" என்பாள். அஞ்சு மாசம் அதையே சொன்னாள். "கருமி"ன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன். அதுக்கும் சிரித்தாள்.

கூடப் படிக்கிற முகமது அனஸ் தம்பிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அது சம்பளம் இல்ல, உதவித்தொகை. அஞ்சு மாசமா வரல. வந்தாலும் நாள் கணக்குப் போட்டா உங்க கூலிக்குக் கீழதான் நிக்கும்." எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

அடுத்த வாரம் பூவிழி பொட்டலம் நிறைய மசால் வடையோடு வந்தாள். ஏது காசு? சாயங்காலம் அரியலூரில் டியூசன் எடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள். அந்த ரோட்டில்தான், ஐயா, பன்னிரண்டு நாளைக்கு முன்னால் லாரி அவளை அடித்தது. நான் தின்ற வடை எந்த ரோட்டில் வந்தது என்று எனக்குத் தெரியும்! நீங்கள் கொடுக்காத பணம் அவளை எந்த ரோட்டுக்கு அனுப்பியது என்று உங்களுக்குத் தெரியுமா?

உதவித்தொகையை உயர்த்துங்கள், மாசாமாசம் கொடுங்கள் என்று அவள் மனு எழுதினாள். அவளோடு சேர்த்து ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாக இருந்தது. அவளை எரித்து நாலு நாளைக்குள் ஏழு பேர் தங்கள் பேரை அடித்துவிட்டார்கள். "பேரு இருந்தா படிப்பு இழுக்கும்" என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று நான் கேட்கவில்லை. அதிகாரி ஐயா ஏன் கீழே பார்க்கிறார் என்றும் கேட்கவில்லை.

மைக்கை அணைக்காதீங்க தம்பி. முடிச்சுடறேன்.

மனுவில் மிச்சம் ரெண்டு பேர். ஒன்று அனஸ் தம்பி. இன்னொன்று செத்துப்போனவள். பிள்ளைகளே, செத்தவள் ஒருத்திதானா உங்களுக்காக நிற்க வேண்டும்? பயமா? எனக்கு மட்டும் இல்லையா? நாளைக்குக் காலையில் வேலைக்கு வந்தால் வருகைப் பதிவில் என் பேர் இருக்குமோ என்னமோ! இருந்தாலும் சொல்கிறேன். திங்கட்கிழமை என் கூலி போகட்டும். ஒன்பது மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பேன். காட்டு வேலை செய்யும் பெண்கள் பதினாலு பேர் என்னோடு வருகிறார்கள். உதவித்தொகை வாங்காத எங்கள் கையெழுத்து அந்த மனுவில் செல்லாதாம். செல்லுகிற கையெழுத்து உங்களுடையது.

பூவிழி, உன் வேலை நிற்காது தாயி. நேற்றுக்கூட உன் பாத்தியில் முப்பது கதிருக்குப் பை மாட்டினேன்.

படத்தைத் திறக்கச் சொன்னீர்கள். நான் திறக்கமாட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? பொன்னுத்தாய் அக்கா, மன்னிச்சுக்கங்க. மனு அந்த மேசைமேல் இருக்கிறது, பக்கத்திலேயே பேனா. பேரை அடித்த ஏழு பேரும் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்ப எழுதிவிட்டு, நீங்களே வந்து அந்தத் துணியை எடுங்கள்.

நான் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.