காணும் பொங்கலுக்கு அறுபது உருண்டை

முன்கூட்டியே செய்து வைக்கிற தின்பண்டத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சார். விருந்து நாளன்று கை சுத்தமாக இருக்கும். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடலாம், நாற்காலியை நகர்த்திப் போடலாம், குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளலாம். வேலையெல்லாம் மூன்று நாள் முன்பே முடிந்து ஃப்ரீசருக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பேச்சைவிட எழுத்து எனக்கு நன்றாக வரும்.

என் பெயர் இனியவன். வயது இருபது. தஞ்சாவூரில் பி.ஏ. மூன்றாம் ஆண்டு. அப்பாவும் அம்மாவும் குவைத்தில் இருக்கிறார்கள். நான் பெரியப்பா இராஜாங்கம் வீட்டு மாடியறையில் தங்கிப் படிக்கிறேன். இன்ஸ்டாவில் கேலி எழுதுவதற்கென்று ஒரு பேஜ் வைத்திருக்கிறேன். கல்லூரி ஆண்டு விழா, முதல்வரின் புது ஷூ, கேன்டீன் சாம்பார் என்று எதையும் விடுவதில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் எழுதுவது புரியாது. மீதிப் பேர் புரிந்த மாதிரி நடிக்கிறவர்கள்.

பெரியப்பா வருடா வருடம் காணும் பொங்கலன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பார்ட்டி வைப்பார். ‘கெட் டுகெதர்’ என்று அழைப்பிதழே அடிப்பார். நாற்பது பேர் வருவார்கள். கார் வாங்கியவர்கள், கார் மாற்றியவர்கள், பையனை கனடாவுக்கு அனுப்பியவர்கள். தட்டைக் கையில் பிடித்தபடி நின்று, வாயில் போட்டதை விழுங்குவதற்கு முன்பே ‘சூப்பர்’ என்பார்கள். கடித்தது பன்னீரா பஞ்சா என்று அந்த நாக்குக்குத் தெரியாது. இதை ஒருநாள் நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம்.

போன வருடம் அந்தப் பார்ட்டியில் ஒன்று நடந்தது. மாரியப்பன் கொல்லைப்புறமாக வந்து நின்றார். திருவையாறு பக்கம் பெரியப்பாவுக்கு இருக்கிற வயலில் எலிக்கிட்டி வைப்பவர் அவர். கிட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூங்கிலை வில்லாக வளைத்து, சுருக்கு மாட்டி, இரை வைத்து நிற்க வைப்பது. எலி வந்து வாயை வைத்தால் கழுத்தில் சுருக்கு இறுகும். மாரியப்பன் அன்று ஒரு வேட்டியும் இரண்டு கரும்பும் வாங்கிப் போக வந்தார். பெரியப்பா விருந்தாளிகளைத் திருப்பி நிற்க வைத்து அவரைக் காட்டினார்.

“பாத்தீங்களா, இவன்தான் நம்ம எலி டாக்டர். நமக்கெல்லாம் மட்டன் பிரியாணி. ஐயா வீட்ல எலி பிரியாணி. என்னடா மாரியப்பா, லெக் பீஸ் யாருக்கு, ஒனக்கா ஒம் பொண்டாட்டிக்கா?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். மாரியப்பனும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பு வேறு ரகம். நான் அந்த நாற்பது பேரைப் பார்த்துச் சிரித்தேன்.

எனவே, இதை நான் மாரியப்பனுக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் ஸ்டார்ட்டர் என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரியம்மா விஜயலட்சுமிக்கு வாயெல்லாம் பல். “எம் புள்ள சமைக்கப் போறான்” என்று கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஷோபனாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். அவருக்குப் பிள்ளை கிடையாது, ஒரே மகள்தான். அதனால் என்னைப் பிள்ளை என்பார். இரண்டு வருடம் முன்பு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. மாதா மாதம் மருந்துக்கடையில் அதை வாங்கி வருகிறவன் நான்தான். இதைப் பின்னால் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.

பட்டியல் எளிது. பன்னீரும் குடைமிளகாயும் குத்திய குச்சி, மரவள்ளி வறுவல், கோலா உருண்டை. பன்னீரை முதல் நாளே தயிர் மசாலாவில் ஊறப்போட்டுவிடலாம். கோலா உருண்டைக்குக் கறியைக் கொத்தி, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்து, உருட்டி டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் போதும். அன்றைக்கு எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டியதுதான்.

கறிதான் விஷயம். போகிக்கு முதல் நாள் மாரியப்பனிடம் போனேன்.

“யாருக்கு தம்பி?” என்றார்.

“காலேஜ் பசங்களுக்குண்ணே. ஒரு தடவ ருசி பாக்கணுமாம்.”

“நல்லா சாப்புடட்டும். அறுப்பு நேரத்து எலி, நெல்லத் தின்னு கொழுத்துக் கெடக்கும்.” சுத்தம் செய்து, வாழை இலையில் கட்டி, சாக்கில் போட்டு மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் கொண்டுவந்து கொடுத்தார். “இவ்வளவுதான் தம்பி கெடச்சுது. ஒங்க பெரியப்பா இந்த வருசம் கிட்டி வேணாம்னுட்டாரு. வயல்ல மருந்து வச்சிருக்காங்க. வரப்புல செத்துக் கெடக்கறதக் கையால தொட்றாதீங்க. அதத் தின்ன நாயி நாலஞ்சு நாள்ல மூக்குல ரத்தம் வந்து செத்துப்போச்சு.”

“வித்தியாசம் எப்படிண்ணே தெரியும்?”

“கழுத்தப் பாருங்க. கிட்டின்னா சுருக்குத் தடம் இருக்கும். தடம் இல்லன்னா மருந்து. தொடாதீங்க.”

இரண்டு தடவை சொன்னார். அவர் சொல்லவில்லை என்று உங்கள் பதிவேட்டில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் கொடுத்ததில் முப்பது உருண்டை தேறியது. விருந்தாளிகளோ நாற்பது பேர். விருந்தில் பற்றாக்குறை வந்தால் அதைவிட அவமானம் இல்லை, பெரியம்மா முகம் சுண்டிப்போகும். அதனால் அன்று மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு பெரியப்பா வயலுக்குப் போனேன். வரப்பில் கிடந்தவற்றின் கழுத்தைப் பார்த்தேன். தடம் இல்லை. மோட்டார் கொட்டகையில் வைத்துச் சுத்தம் செய்தேன். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. மருந்து பெரியப்பாவுடையது, வயல் பெரியப்பாவுடையது, எலியும் அவர் நெல்லைத் தின்ற எலி, விருந்தும் அவருடையது. என் பங்கு போக்குவரத்து மட்டும்.

அதில் இன்னொரு முப்பது. இரண்டையும் கலக்கவில்லை. கிட்டியில் விழுந்தது நீல மூடி டப்பா, மற்றது சிவப்பு மூடி டப்பா. ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு ஆறு மணிக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஃப்ரீசரைத் திறந்தேன். சிவப்பு டப்பா மேலே இருந்தது, அதை எடுத்தேன். முதல் தட்டு வெளியே போனதும் ஃபோனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டேன். பெரியப்பா ஒன்றைக் கடித்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

“டேய் இனியவா, என்ன மட்டன்டா இது? பஞ்சு மாதிரி இருக்கு. எந்தக் கடை?”

“நம்ம வயல் பக்கம் பெரியப்பா.”

“அதான பாத்தேன். மண்ணு ருசின்னு ஒண்ணு இருக்குல்ல.”

பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், நாட்டு ஆடு என்றால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். மோந்தும் காட்டினார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. முகபாவங்களை நிதானமாகப் பாருங்கள். கலை ரசனை உள்ளவர் என்றால் ரசிப்பீர்கள்.

எதிர்பாராதது ஒன்றே ஒன்றுதான் நடந்தது. இரண்டாவது தட்டுக்கு நான் பொரித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா அடுப்படிக்கு வந்தார். ஓர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எலிதானடா இது?”

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அடப் பாவி. நன்னிலத்துல எங்க வீட்ல அறுப்பு முடிஞ்சா இதுதான். எங்கப்பா சுட்டுத் தருவாரு. கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே இத வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு ஒங்க பெரியப்பா. முப்பத்தோரு வருசம் ஆச்சுடா இந்த ருசி நாக்குல பட்டு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போன வருசம் மாரியப்பன அப்படிப் பேசினாரே, அதுக்கா?”

“ஆமா பெரியம்மா.”

“நல்லா வேணும் அவருக்கு.” இன்னொன்றைக் கையில் எடுத்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். “கிட்டில விழுந்ததுதானே?”

அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் நின்ற இடத்திலிருந்து ஃப்ரீசர் மூன்றடி.

“ஆமா பெரியம்மா” என்றேன்.

ஏழு சாப்பிட்டார். நான் எண்ணினேன். என்னையும் ஒன்று சாப்பிடச் சொன்னார். எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

டி.வி.யில் வீடியோவைப் போட்டுக் காட்டுவதுதான் என் திட்டம். சாப்பாடு முடிந்து பீடா கொடுக்கும் நேரத்தில் போட்டிருப்பேன். பெரியம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்கு வேணாம்டா, நாலு பேர் முன்னாடி கூசிப் போயிருவாரு. அவங்கள்லாம் போகட்டும், ஒருநாள் நானே சொல்றேன்” என்றார். ஆகவே தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் பொறியாளருக்குப் பல் ஈறில் ரத்தம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். பெரியப்பாவுக்கு மூக்கில் கொஞ்சம். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். பெரியம்மாவுக்குக் கையிலும் முதுகிலும் நீலம் நீலமாகக் கன்றியது. பதற்றத்தோடு ஊருக்கு வந்த ஷோபனா அக்காதான் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான்தான் காரை ஓட்டினேன். நிதானமாக ஓட்டினேன்.

டாக்டர் கேட்டார், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சாப்பிட்டார்களா என்று. கோலா உருண்டை, மட்டன் என்றேன். பெரியம்மா படுத்தபடி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. என் குட்டு வெளிப்பட்டால் பெரியப்பா என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்று அவருக்குப் பயம். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

“இனியா, கிட்டிதானேடா?”

“கிட்டிதான் பெரியம்மா.”

“அப்ப இது மாத்திரையாலதான்” என்றார். நிம்மதியாகக் கண்ணை மூடினார். நோயாளிக்கு நிம்மதி முக்கியம்.

நீங்கள் கேட்கலாம், அப்போதாவது ஏன் சொல்லவில்லை என்று. சார், வீடியோவுக்கு எடிட்டிங் முடியவில்லை. பின்னணி இசைகூடச் சேர்க்கவில்லை. ஒரு ஜோக்கை ஐ.சி.யூ. வாசலில் நின்று விளக்கினால் அது செத்துவிடும். மூன்று நாள் கழித்துப் பெரியம்மா இறந்த பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே, “எலி மருந்துன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்து மருந்து இருக்குங்க” என்றார். ஷோபனா அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வேலைக்காரம்மா கனகா, பொங்கலுக்கு முன்பு மாரியப்பன் சாக்கோடு கொல்லைப்பக்கம் வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். கிட்டி வேண்டாம் என்றதற்குப் பழி வாங்கிவிட்டான் என்று பெரியப்பா கத்தினார். நீங்கள் மாரியப்பனைக் கூட்டி வந்தீர்கள். ‘தம்பி கேட்டாரு, குடுத்தேன், எல்லாம் கிட்டில விழுந்தது’ என்று அவர் உண்மையைத்தான் சொன்னார். படிக்கிற பையன் எதற்கு எலி கேட்கப் போகிறான் என்று நீங்கள் நம்பவில்லை. நான்கு நாளாக உள்ளே இருக்கிறார். நேற்று அவர் மனைவி காளியம்மாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் யாருக்காக இதைச் செய்தேனோ அவர் மனைவியேதான், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “தம்பி, நீங்களாவது சொல்லுங்க தம்பி” என்றார். அவருக்காக நான் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

காலையில் பேப்பர் பார்த்தேன். ‘எலி பிடிக்கும் தொழிலாளியின் கவனக்குறைவால் விபரீதம்’ என்று போட்டிருக்கிறார்கள். கவனக்குறைவு. மூன்று நாள் உழைப்பு, நாற்பது முகம், ஒரு துளி மசாலா பிசகவில்லை. அதற்கு இப்படி ஒரு தலைப்பு. அதனால்தான் வந்தேன். என் பெயரை இன்ஷியலோடு முழுதாகப் போடச் சொல்லுங்கள்.

மாரியப்பனை விட்டுவிடலாம். ஆதாரம் வேண்டுமென்றால் பெரியப்பா வீட்டு ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். நீல மூடி டப்பாவில் முப்பது உருண்டையும் அப்படியே இருக்கும். அவர் கொடுத்த கறி ஒருவர் வாய்க்கும் போகவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் சைவம், மற்றவர்களும் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கவில்லை. முப்பதே மிஞ்சிப்போகிற விருந்து அது. அழைப்பிதழ்களை எழுதி அனுப்பியவன் நான் என்பதால் எனக்கு அது முதலிலேயே தெரியும்.

இன்னொரு திருத்தம், சார். ஃப்ரீசரில் சிவப்பு டப்பா மேலே இருந்தது என்று முன்பு எழுதியிருக்கிறேன். மேலே இருந்தது நீலம்தான். அதை நகர்த்திவிட்டுத்தான் சிவப்பை எடுத்தேன்.