ஆமென் சொல்ல ஆளில்லை

அப்போது கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்கு மெட்ரோ ரயில் கிடையாது, பஸ்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்து தமிழில் பேசினார்கள். இளையவள் கோட்டிலிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

"இன்னிக்கும் குழாய்லதான் கஞ்சி மாதிரி விட்டாங்கக்கா. நான் சாப்பாட்டு ஜெபம் பண்ணேன்."

"உன் வீட்டுக்காரர் கண்ணு முழிச்சாரா?"

"இல்ல. இனிமே முழிக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்."

"விசுவாசத்த விட்டுடாதம்மா. கேட்டுக்கிட்டே இரு."

"கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோச்சு. குணமாக்கும்னு கேக்கறதையே விட்டுட்டேன். சாப்பாட்டு ஜெபம் ஒண்ணுதான் மிச்சம். அதையும் முடிக்க முடியல."

"ஏன்?"

"கல்யாணமானதுலேருந்து ஜெபம் நான் பண்ணுவேன், ஆமென் அவர் சொல்லுவார். இப்ப ஆமென் சொல்ல ஆளில்ல."

"நீயே சொல்லிடேன்."

"சொன்னா, அவர் போயிட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்கா."

மூத்தவர் ஸ்கார்ஃபை நெற்றிவரை இழுத்து முக்காடாக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, மெல்லிய குரலில் ஜெபிக்க ஆரம்பித்தார். அவர்கள் இறங்கும் இடம் வந்ததும் ஜெபம் நின்றது. இருவரும் எழுந்தார்கள்.

ஆமென் அவரும் சொல்லவில்லை.