வேகாத டயர்

மழை வருவதற்கு முன்னால் என் வலது கட்டைவிரல் குடைய ஆரம்பித்துவிடும், ஐயா. இப்போதும் குடைகிறது. சாயங்காலம் பெய்யும், பாருங்கள். சின்ன வயதில் அப்பனோடு ஓசூர் ரோட்டுக்கு ஜல்லி உடைத்தபோது சம்மட்டி விழுந்த விரல். பிறகு வருஷக்கணக்காக இந்தக் கருவியை டயர்மேல் வைத்து அழுத்தியதும் அதே விரல்தான்.

உட்காரச் சொன்னதற்குப் புண்ணியம். அஞ்செட்டி இறக்கத்தில் உருண்ட லாரியைப் பற்றிப் பேச வந்தேன். டிரைவர் சென்றாயன் மைசூர் எல்லையிலிருந்து வரும் சாராயத்தைக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீஸில் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அது தப்பு. அந்தத் தப்பைத் திருத்த வேறு ஆள் இல்லை.

இதுதான் கருவி. கையில் வாங்கிப் பாருங்கள். பாக்கெட் கடியாரம் மாதிரிதான் இருக்கும். அடியில் துருத்திக்கொண்டிருக்கிறதே, அந்த ஊசியை ரப்பர்மேல் வைத்துச் சாயாமல் அழுத்த வேண்டும். ரப்பர் இளக்கமாக இருந்தால் ஊசி உள்ளே இறங்கும், மேலே முள் குறைவாகக் காட்டும். கெட்டியாக இருந்தால் முள் ஏறும். சண்டைக் காலத்தில் பெங்களூர் மிலிட்டரி பட்டறையில் கூலிக்குப் போனபோது கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு டயரும் இது தொடாமல் வெளியே போகாது. சண்டை முடிந்து பட்டறையைக் கலைத்தபோது பழைய சாமான் கடைக்கு வந்ததை நான் வாங்கிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் கௌஸ் மொய்தீன் பாயின் பட்டறையில் சேர்ந்தேன். தேய்ந்த டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சில் பூட்டி ஆவியில் வேகவைப்போம். சரியாக வெந்தால் முள் அறுபதில் நிற்கும். ஐம்பதுக்குக் கீழே வந்தால் வேகவில்லை என்று அர்த்தம். பட்டை டயரோடு ஒட்டியிருக்காது. சூட்டில் ஓடினால் மாம்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

பாய் கெட்டவர் இல்லை. கொதிக்கிற அச்சை வெறுங்கையால் திறந்து வளர்ந்தவர். அவருக்கு அவர் நகம் போதும். நகத்தால் ஒரு அழுத்து, மூக்கை வைத்து ஒரு மோப்பம். "வெந்துடுச்சு, எறக்கு." அவ்வளவுதான். நான் கருவியை எடுத்தால் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும்.

"டேய் திம்மா, மணி எத்தினிடா ஆவுது?" என்பார் பாய்.

ஒருநாள் மத்தியானம் சோற்று வேளையில் என் தட்டிலிருந்த ராகிக் களியின்மேல் இதை வைத்து அழுத்தி, "வேகலடா திம்மராயா! உன் பொண்டாட்டியப் போயி மறுபடி கிண்டச் சொல்லு," என்றார். பாய்லருக்கு விறகு போடும் கரியப்பன் சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போனான். ஊசித் துளையில் அப்பிய களியைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

சென்றாயன் மட்டும் சிரிக்கமாட்டான். நாட்றாம்பாளையத்துக்காரன். பாயின் மச்சானுடைய லாரியை ஓட்டினான். டயர் எடுக்க வந்தால் நேராக என்னிடம்தான் வருவான். "ஏண்ணா, உன் முள்ளு என்னா சொல்லுது?" நான் தலையாட்டினால் எடுத்துக்கொண்டு போவான். ஆட்டாவிட்டால், "இன்னொரு நாளைக்கி வரேன் பாய்," என்று பழைய டயரோடே போய்விடுவான். சுருட்டுகூடப் பிடிக்காதவன். சாராயத்தை அவன் முகர்ந்திருக்கக்கூட மாட்டான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவேண்டும். அவன் விட்டுப்போனதும் மற்றவர்களுடையதுமாக வேகாத டயர்களையெல்லாம், வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, நான் மறுபடி அச்சில் போட்டு வேகவைத்துவிடுவேன். அதனால் எங்கள் பட்டறை டயர் ஒன்றும் ரோட்டில் உரியவில்லை. உரியாததால் பாய் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ வேகல வேகலன்னு கத்துன டயரு ஒண்ணாவது வெடிச்சிருக்குதாடா? என் நெகம் சொன்னதுதானே நடந்துச்சு?"

நான் வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய நானே பொய்யனாகிக்கொண்டிருந்தேன். கல் உடைத்தவனுக்கு உடைந்த கல் சாட்சி. கிணறு வெட்டினவனுக்குத் தண்ணீர் சாட்சி. நடக்காமல் போனதற்கு எவன் சாட்சி சொல்வான்? ராத்திரி படுத்தால் இதே நினைப்புதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் சும்மா இருந்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லாரும் கருவியை நம்பிவிடுவார்கள். ஒரு டயர் போனால் நூறு டயர் பிழைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதில் பிழை காணவில்லை.

சித்திரை மழையில் ஜவளகிரிக் காட்டு விறகு முழுக்க நனைந்திருந்தது. ஆவி ஏறவே இல்லை. அன்றைக்கு இறக்கிய டயரில் பாய் நகத்தை வைத்து, "ஆச்சு, எறக்கு," என்றார். நான் ஆறவிட்டு அழுத்தினேன். நாற்பத்து மூன்று. வேறு இடத்தில் அழுத்தினேன். அதே நாற்பத்து மூன்று. கருவியைத் துடைத்து ஜோபியில் வைத்துக்கொண்டேன். பாய் மணி கேட்டார். "நல்ல நேரந்தான் பாய்," என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

மறுநாள் சென்றாயன் வந்தான்.

"ஏண்ணா, முள்ளு என்னா சொல்லுது?"

"நல்லா இருக்குது."

"முன்சக்கரத்துக்குப் போடலாமா? முன்னாடி இருக்கறது ரொம்பத் தேஞ்சிடுச்சு."

பின்சக்கரம் ஜோடிச் சக்கரம். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். முன்னால் அப்படி இல்லை. அதோடு, பின்னால் போட்டால் உரிந்தாலும் யாருக்கும் தெரியாது. எடுத்து எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். "தாராளமாப் போடு," என்றேன். நானே ஜாக்கி வைத்து மாட்டியும் கொடுத்தேன்.

லாரியில் உப்பு மூட்டை. புளி தட்டும் வேலைக்கு வந்திருந்த நாட்றாம்பாளையத்துப் பெண்கள் ஆறு பேர், வேலை முடிந்து, ஊர்க்காரன் வண்டி என்று பட்டறை வாசலில் காத்திருந்தார்கள். அவர்கள் ஏறுவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஆனால் ஏறும்போது அங்கேதான் நின்றிருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நஞ்சம்மா என்பவள் மேலே உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, அந்த மூட்டையக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. ஒடையற சாமானு, பாத்து," என்றாள். தூக்கிக் கொடுத்தேன். புதுச் சட்டிகள், வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தாள். "டிரைவரண்ணா, மெதுவாப் போங்க, சட்டி ஒடஞ்சா உங்க தலையிலதான் கவுப்பேன்," என்று அவள் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். வண்டி கிளம்பியது. கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மறுபடியும் ஒன்றும் நடந்திருக்காது. பாய் மறுபடியும் மணி கேட்டிருப்பார்.

விஷயம் தெரிந்து பாயும் நானும் அடுத்த வண்டியில் போனோம். இறக்கத்துத் திருப்பத்தில் ரோட்டிலேயே பட்டை உரிந்து கிடந்தது. லாரி பள்ளத்தில் தலைகுப்புறக் கிடந்தது. உப்பு கொட்டி அந்த இடமே வெளுத்திருந்தது. நான் கீழே இறங்கினேன். முன்சக்கரத்தில் கொஞ்சம் பட்டை மிச்சமிருந்தது. அதன்மேல் கிடந்த சேலையை ஒதுக்கிவிட்டு, கருவியை வைத்து அழுத்தினேன். வெயிலில் கிடந்த ரப்பர், ஒன்றிரண்டு குறைவாகத்தான் காட்டும். நாற்பத்தொன்று.

மேலே ஏறிவந்தேன். பாய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கருவியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பாய், முள்ளப் பாருங்க," என்றேன். கையைத் தட்டிவிட்டார். "செத்துக் கெடக்கறாங்கடா! இப்பக்கூட அதத் தூக்கிக்கினு வர்றியே, நீ மனுசனாடா?" என்றார். பார்க்கவே இல்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். சாராயம் என்றீர்கள். பாயும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சென்றாயன் பெண்டாட்டி நாகம்மா பட்டறை வாசலில் நின்று, "எம் புருசன் தொட்டதில்ல சாமி, யாராவது சொல்லுங்களேன்," என்று கதறினாள். அவளுக்காகத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாராயம் என்று கேஸை மூடிவிட்டால் அந்த டயர் எங்கே போயிற்று? முள் சொன்னது எங்கே போயிற்று? நேற்று ஒரு டயரை இறக்கினார்கள். பாய் மறுபடி நகத்தைத்தான் வைத்தார்.

அதனால் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த டயர் வேகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லா இருக்கிறது என்றேன். தெரிந்துதான் முன்னால் மாட்டினேன். சென்றாயனும் ஆறு பெண்களும் என்னால்தான் செத்தார்கள். கையெழுத்து வராது. இந்த விரலையே மையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். தூக்கில் போட்டாலும் சரிதான். பாய்தான் பாக்கி வைத்திருக்கிறார். "திம்மா, உன் முள்ளு சொன்னதுதான்டா சரி" என்று ஒரு வார்த்தை. அதை அவர் இன்னும் எனக்குத் தரவில்லை.