மருத்துவமனைக் கூரையில் நாற்பது பச்சை விரிப்புகள்

பெயர்: பதினெட்டு ஆகாதவர் என்பதால் இங்கே எழுதக் கூடாது என்று காவல் ஆய்வாளர் மேடம் சொன்னார். கூப்பிடும் பெயர்: வாலு. வயது: பதினாறு முடிந்து நான்கு மாதம். தொழில்: பதினோராம் வகுப்பு. முகவரி: பொது மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி, படிக்கட்டு ஏறியதும் இடதுபக்கக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும்.

நான் மேற்படி முகவரியில் என் அம்மாவுடனும், அம்மாவின் தம்பியான என் மாமாவுடனும் வசித்து வருகிறேன். அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். மாமா அதே மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன். அழைப்பு மணி ஏன் வேலை செய்யவில்லை என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதை யாரும் வற்புறுத்தாமல் என் கையாலேயே எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், கேட்டதற்கு மேல் எழுதக் கூடாது, தமாஷ் கூடாது என்று மேடம் மூன்று நிபந்தனை போட்டார். முதல் இரண்டுக்கும் சம்மதித்தேன்.

கடந்த புதன்கிழமை நான் மருத்துவமனைக் கூரையில் ஏறி சோலார் பேனல்களின் கேபிளைப் பிடுங்கிச் சேதப்படுத்தினேன் என்பது என் மீதுள்ள புகார். கூரையில் ஏறியது நான்தான். கேபிளைப் பிடுங்கவில்லை. ஏன் பிடுங்கவில்லை என்றால், பிடுங்குவதற்கு அங்கே கேபிள் இல்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு வரை அந்தக் கூரை சலவைப் பிரிவு துணி காயப்போடக் கொடி கட்டும் இடம். அதன் பிறகு ஊர்களில் கரி குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் தரும் ஒரு நிதிக்குழு எங்கள் ஊருக்கும் ஒதுக்கியதும், கொடிகளை அவிழ்த்துவிட்டு நாற்பது பேனல்கள் வைத்தார்கள். அதன் பிறகு துணி காயவைக்க இடம் இல்லாமல் கீழ்த்தளத்தில் டிரையர் இயந்திரம் வாங்கினார்கள். கரண்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓடும். அம்மா அன்று சொன்னது: "இத்தன நாளும் சூரியன் சும்மா காயவச்சுது. இனி அதுக்கும் டீசல் ஊத்தணும்." டிரையர் அறையில் ஜன்னல் கிடையாது. அம்மா வீட்டுக்கு வரும்போது முகம் காது வரைக்கும் சிவந்திருக்கும்.

பேனல்களோடு முன்கூடத்தில், டோக்கன் ஜன்னலுக்கு மேலே, ஒரு எண் பலகையும் மாட்டினார்கள். 'இன்று தவிர்க்கப்பட்ட கரியமில வாயு' என்று எழுதி, கிலோ கணக்கில் எண் ஓடும். நோயாளிகள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு டோக்கன் எண்தான் முக்கியம். நான் பார்ப்பேன். பள்ளி விட்டு அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது வேறு வேலை இல்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நிதிக்குழுவிலிருந்து ஆள் வருகிறார், நகர்மன்றத் தலைவர் பலகைக்கு முன்னால் நின்று பேசப் போகிறார், அதன் பிறகு இரண்டாம் தவணை வரும் என்று மாமா வீட்டில் சொல்லியிருந்தார். தலைவர் வெளிநாட்டு மாநாட்டிலெல்லாம் போய், காலநிலையைக் காப்பாற்ற எங்கள் ஊர்தான் வழிகாட்டி என்று பேசியவர். அவர் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே எண் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் கொடியைப் பிடுங்கியவர்களுக்கு அது போதும் என்றும் தோன்றியது. வேறு நோக்கம் இல்லை. என்னைத் தூண்டியவர் யாரும் இல்லை, எனக்குத் தூண்டுதல் தேவைப்படுவதும் இல்லை.

அன்று பள்ளிக்குப் போகாமல், பத்து இருபதுக்கு, அம்மா வார்டுகளில் அழுக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில், அறுவை அரங்கின் பச்சை விரிப்புகள் துவைத்து வைத்திருந்த தள்ளுவண்டியைச் சரக்கு லிஃப்டில் ஏற்றிக் கூரைக்குப் போனேன். அதன் பிறகு ஒரு பேனலுக்கு ஒரு விரிப்பு வீதம், இரண்டாக மடித்து, ஓரத்தில் துணிக் கிளிப் போட்டு, நாற்பதையும் மூடினேன். பசுமைத் திட்டம் என்பதால் பச்சைத் துணியே பொருத்தம் என்று நினைத்தேன். கிளிப் போடும்போது ஒவ்வொரு பேனலுக்கும் அடியில் இரண்டு குட்டை வயர் தொங்குவதையும், அவற்றின் முனையில் மஞ்சள் மூடி போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருப்பதையும் பார்த்தேன். அது எதற்கு என்று அப்போது தெரியாது. தொடவில்லை.

அதன் பிறகு கீழே வந்து டோக்கன் வரிசையில் நின்றேன். அப்போது மணி பதினொன்று ஐந்து, பலகையில் 30.5 கிலோ. தலைவர் பேச ஆரம்பித்தார். நான் பலகையைப் பார்த்தேன். 30.6. அதன் பிறகு 30.7. சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் நிமிடத்துக்கு 0.1 வீதம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏதோ விட்டுவிட்டேன் என்று மறுபடி கூரைக்கு ஓடிப் பார்த்தேன், நாற்பதும் போர்த்திக்கொண்டுதான் படுத்திருந்தன. கீழே வந்தபோது 32.0. நான் செய்த குறும்புகளிலேயே முழுசாகத் தோற்றது இதுதான் என்று நினைத்தேன்.

பேச்சு முடிந்ததும் நிதிக்குழுக்காரர் பேனல்களைப் பார்க்க வேண்டும் என்றார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. தலைவர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், மாமா எல்லோரும் படியேறினார்கள், கூட்டத்தோடு நானும் போனேன். விரிப்புகளைப் பார்த்ததும் நிதிக்குழுக்காரர் முதலில் சிரித்தார். "நல்ல இடமாத்தான் காயப் போட்டிருக்காங்க" என்றார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்தி, கீழே நின்ற தன் உதவியாளருக்குப் போன் போட்டு, பலகையில் என்ன எண் என்று கேட்டார். 33.0. ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். 33.1.

அவர் இன்வெர்ட்டர் அறையைத் திறக்கச் சொன்னார். சாவி ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்று கண்காணிப்பாளர் சொன்னார். மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு நிதிக்குழுக்காரர் போனார். துணி போட்டது யார் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர், "மொத்தப் பேரு மூஞ்சிலயும் கரியப் பூசிட்டியேடி" என்றார். "கரியக் குறைக்கத்தானே சார் வந்தாங்க" என்றேன். இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அன்று மதியம் அம்மா நாற்பது விரிப்பையும் மறுபடி துவைத்தார். என்னைத் திட்டவில்லை. அது வழக்கத்துக்கு மாறானது.

துவைத்துக்கொண்டிருக்கும்போதே மாமா அங்கே வந்து எங்கள் இருவரிடமும் சொன்னதாவது: முதல் தவணையில் பேனல், தாங்கி, எண் பலகை மூன்றும் வந்தன. இன்வெர்ட்டரும் பேட்டரியும் கேபிளும் இரண்டாம் தவணையில் வர வேண்டும். ஆனால் கரி குறைந்ததைக் காட்டினால்தான் இரண்டாம் தவணை. "சமைச்சுக் காட்டு, அப்புறம் அடுப்பு தரேன்னா எப்படி?" என்றார் மாமா. அதனால் பலகை மாட்ட வந்தவர், காலை ஆறுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு நிற்கும்படி, சராசரி வெயிலுக்கு எவ்வளவோ அவ்வளவு எண் தானாக ஏறுமாறு வைத்துவிட்டுப் போனார். எல்லாம் இயங்குகிறது என்று சான்றிதழில் எலக்ட்ரீஷியன் கையெழுத்து வேண்டியிருந்தது. மாமா போட்டார். மஞ்சள் மூடி தொழிற்சாலையிலிருந்து வந்தது, இன்று வரை கழற்றப்படவில்லை.

"அப்ப அது வெறும் கடிகாரமா மாமா?"

"ஆமா. கிலோ காட்டுற கடிகாரம்."

"மழை பேஞ்ச அன்னைக்கும்?"

"அன்னைக்கும் எழுபத்திரண்டுதான்."

பச்சைப் பொய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பசுமைப் பொய்யை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னேன். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தலைவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார். மைக் இல்லாமல் பேசும்போது அவர் குரல் சின்னது. என்னைப் பார்த்து, "விளையாட்டுக்கு வயரப் பிடுங்கிட்டேன், அதுல பலகை தப்பா ஓடிடுச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. சின்னப் பொண்ணு, எச்சரிச்சு விட்டுடுவாங்க. உங்க மாமாவுக்கும் ஒண்ணும் ஆகாது. தவணை வந்தா மூணே மாசத்துல நிஜமாவே ஓட வச்சிடுவேன்" என்றார். பிரசவ வார்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிளம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று மாமாவைக் கேட்டார். நாற்பது செகண்ட் என்றார் மாமா. பேட்டரி வந்தால் அந்த நாற்பது செகண்ட் இருட்டும் இருக்காது என்றார் தலைவர். எங்கள் ஊரைப் பார்த்துப் பதினேழு ஊர்கள் இதே நிதி கேட்டு எழுதியிருப்பதாகவும், எங்கள் ஊர்க் கணக்கு பொய் என்று ஆனால் அந்தப் பதினேழுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றும் தலைவர் சொன்னார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

"அந்தப் பதினேழுலயும் கடிகாரம்தான் மாட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் தண்ணீர் கேட்டார். அம்மா கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளர் பெயரில் என் மீது புகார் பதிவானதாகத் தெரிந்தது.

நான் இதற்கு முன் சொன்ன பொய்கள் பல. நாளை விடுமுறை என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறேன். கணக்கு ஆசிரியருக்குக் கல்யாணம் என்று அவருக்கே வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறேன். இப்படி இருந்தும் எல்லோரும் என்னிடம் உண்மையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் வீடு தேடி வந்து பொய் கேட்டது இதுவே முதல் முறை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரஃப் நோட்டில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வயரைப் பிடுங்கினேன் என்பது ஒரு வரியில் முடிந்தது. பிடுங்கவில்லை என்பது நான்கு பக்கம் வந்தது. இந்த நான்கு பக்கம் போனால் தவணை வராமல் போகலாம், மாமாவுக்கு வேலை போகும், வழக்கும் வரலாம் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி போனால் அந்தப் பலகை இன்னும் பதினேழு சுவரில் ஏறும், எண் ஏறுவதற்கு ஒரு வார்டிலும் விளக்கு எரிய வேண்டிய அவசியம் இருக்காது என்பதும் தெரியும்.

ஞாயிறு மாலை நான்கு பக்கத்தை மாமாவிடம் கொடுத்தேன். 'சான்றிதழில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாமா கையெழுத்துப் போட்டார்' என்று அதில் எழுதியிருந்தேன். மாமா முழுவதும் படித்துவிட்டு, என் பேனாவை வாங்கி, அந்த ஒரு இடத்தை மட்டும் அடித்து 'தெரிந்தே' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். வேறு எதையும் திருத்தவில்லை. "எழுத்துப் பிழை கம்மியா இருக்கே, நீதான் எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா எல்லாம் தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

விரிப்புகளை மருத்துவமனை அனுமதி இல்லாமல் எடுத்தது, கூரையில் ஏறியது, அன்று பள்ளிக்குப் போகாதது ஆகியவற்றை ஒப்புக்கொள்கிறேன். இது என் மாமாவுக்கு எதிரான சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளப்படும் என்று மேடம் இரண்டு முறை விளக்கினார். இரண்டு முறையும் புரிந்தது.

மேலே உள்ளது அத்தனையும் நான் பார்த்தது, கேட்டது, செய்தது மட்டுமே. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், மேடம் படித்தார், சரியாக இருக்கிறது. நான் சிறார் என்பதால் அம்மாவும் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் வாக்குமூலம் கொடுக்க வாசல் பெஞ்சில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, "போடவாடா?" என்று கேட்டார்.

"போடுக்கா" என்றார் மாமா.

(ஒப்பம்) வாலு
(ஒப்பம்) தாயார், சலவைப் பிரிவு