அரை மூட்டை யூரியா

...வெவசாயம் சொல்லித் தர வராரே, அந்தக் கிராம சேவகரத்தான்பா சொல்றேன். இன்னிக்குன்னு பாத்து லாரி வெச்சி நாப்பது பேர எங்க ஐயம்பேட்டைக்கு இட்டுக்கினு வராராம். எதுக்கு? என் நெலத்தப் பாக்க. அதான் நான் விடியக்காலைலயே பஸ் ஏறிட்டேன். ஏகாம்பரநாதருக்கு வேண்டுதல்னு வூட்ல சொல்லிட்டு வரேன். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது... கொஞ்சம் தள்ளிக் குந்துபா.

எல்லாம் ஒரு நோட்டீசால வந்த வெனை. யூரியா எப்டி போடணும்னு அச்சடிச்சி அந்த சேவகர்தான் குடுத்தாரு. ஏக்கருக்கு ரெண்டு மூட்டைன்னு இருந்துச்சி. அத மட்டும் படிச்சேன், மடிச்சி கூரை எறவாணத்துல சொருகிட்டேன். எங்க வூட்டுக் காயிதம் எல்லாம் அங்கதான். ஜாதகம், பட்டா, சம்பந்தியம்மா திட்டி எழுதன கடுதாசி... பஞ்சாயத்து ரேடியோவுலயும் சொல்றான், இல்லன்னு சொல்லல. சினிமாப் பாட்டு வர வரைக்கும் அத எவன் கேக்கறது?

பக்கத்து நெலம் ராஜவேலுது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டீசுல இன்னா போட்டுக்கீதுன்னு என்னக் கேட்டான். அரை மூட்டைன்னேன். ஏன்னா கேக்கற? போன போகம் அவன் வெளச்சல் என்னுதவிட ஒசத்திபா. வயிறு எரிஞ்சிது, சொல்லிட்டேன்.

என் நெலத்துல ரெண்டு மூட்டை கொட்டனேன். பயிரு கருகருன்னு எழும்புச்சி, ஊரே நின்னு பாத்துது. கதிரு வந்துச்சி. ஒரே ஒரு மழை, அப்டியே பாய் விரிச்சாப்ல படுத்துக்கிச்சி. ராஜவேலு பயிரு மட்டும் நிமிந்து நிக்குது.

ஓடிப் போயி நோட்டீச உருவிப் பாத்தேன். மேல கொட்டை எழுத்துல 'குட்டை நெல்லுக்கு மட்டும்'னு இருக்குது. நாங்க ரெண்டு பேரும் நட்டது மார்பு ஒசரம் வளர்ற சம்பா. அதுக்கு அரை மூட்டைக்கு மேல போட்டா தலை கனத்து சாஞ்சிடும்.

அத்தோட போச்சா? ராஜவேலு வாலாஜாபாத் சந்தைல சேவகரப் பாத்து, "என் பயிரு நல்லா நிக்குதுங்க, தணிகாசலம் அண்ணன் சொன்ன அளவுங்க, தெய்வங்க அவரு"ன்னுட்டான். இவனுக்கே இப்டி வெளஞ்சா அண்ணன் நெலம் எப்டி இருக்கும்னு பாக்கத்தான் லாரி வருது. அவனுக்குச் சரியாச் சொன்னியே, உனக்கு இன்னா ஆச்சின்னு நாப்பது பேரும் கேப்பாங்க. அவனும் பக்கத்துலயே நிப்பான். அவன் மூஞ்ச எப்டிபா பாக்கறது.

இன்னா, உனக்கும் நெலம் இருக்குதா? சம்பாதானா? எவ்ளோ போடணும்னா... மூணு மூட்... இல்லபா. என் வாய நம்பாத. எறங்கி எதிர் பஸ்ஸப் புடி, ஐயம்பேட்டைல ராஜவேலு நெலம்னு கேளு. நான் அனுப்பனேன்னு மட்டும் சொல்லிடாத. அதுக்கும் கையெடுத்துக் கும்புடுவான்.