காருக்குள் கறள் பிடிக்கும் துவக்கு

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவது என் வழக்கம். அந்தப் புண்ணியத்தில் லண்டனின் பாதி பஸ் டிப்போக்கள் எனக்கு அத்துப்படி. சென்ற வாரம் டூட்டிங் பஸ்ஸில் முன்னிருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க தம்பதி. கணவர் சொன்னார்:

“காருக்குள்ள கிடந்து துவக்கு கறள் பிடிக்குதப்பா.”

துப்பாக்கி துருப்பிடிக்கிறதாம்! நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“எண்ணெய் பூசுங்கோ.”

“பூசிப்போட்டன். பழைய சொக்ஸுக்குள்ள அரிசியும் போட்டுக் கட்டி வைச்சன். டிக்கி முழுக்க ஈரம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட ஓட்டப்போட்டி. நான் சுட்டாத்தானே பிள்ளையள் ஓடுங்கள்? வெடிக்காட்டி மானம் போயிடும். அதுவரைக்கும் வீட்டு அலுமாரிக்குள்ள வைப்பம்.”

“ஏலாது.”

“சத்தம் மட்டும் போடுற துவக்கப்பா! குண்டே இல்லை.”

“ஊரில துவக்கோட வீட்டுக்குள்ள வந்த ஒருத்தரையும் என்னால மறிக்க ஏலேல்லை. இது என்ர வீடு. இஞ்ச மறிப்பன்.”



வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன்.

“ஏன், விசில் ஊதினா பசங்க ஓட மாட்டாங்களா?” என்றாள்.