ஏழாம் புட்டி

ஆறிப்போன டீயை என்னால் குடிக்க முடியாது, ஐயா. சிரிக்காதீர்கள், எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மலிவு விலை மண்ணெண்ணெயில் அடையாளத்துக்குத் துளியளவு சாயம் போட்டிருப்பார்கள். டீசலில் கார்பன் கம்பியை முக்கி மின்சாரம் கொடுத்தால், சாயம் இருக்கும்போது திரையில் கோடு மேடாக எழும்பும். இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கம்பியை வெள்ளைப் பொடியில் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் பழைய சாயம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று ஆறாம் புட்டியில் சாயம் இருந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. கம்பியைத் தேய்க்காமல் ஏழாம் புட்டியில் முக்கிவிட்டேன். கோடு எழும்பியது. கலப்படம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். அது என் தங்கை கணவர் ஓட்டிய டேங்கர் லாரியின் டீசல் என்பது, அவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி. எனக்கே மனசு கேட்கவில்லை. அதே டீசலில் இன்னொரு புட்டி அரக்கு முத்திரையோடு அலமாரியில் இருந்தது. அதைத் திறந்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்துச் சோதித்தேன். கோடு அசையவே இல்லை.

தப்பு என்னுடையது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் பத்தொன்பது வருடமாக என் கையெழுத்தை நம்பித்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஒன்று தப்பென்றால் மற்றதையெல்லாம் கிளற மாட்டார்களா? அந்தப் புட்டியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு சொட்டுச் சாயம் விட்டு, மறுபடி அரக்கு வைத்தேன். பழைய அரக்கின்மேல் புது அரக்கு இருப்பதை இத்தனை நாள் கழித்து நீங்கள்தான் கவனித்தீர்கள். அந்த ஆய்வகத்திலும் கோடு எழும்பியது.

தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, யார் சொன்னாலும் நான் நம்பல. நீ சொல்லு. அவர் கலந்தாரா?"

"ரெண்டு எடத்துலயும் அதேதாம்மா வந்திருக்கு."

அவள் அழவில்லை. அதன்பிறகு சிறைக்கு அவரைப் பார்க்கவும் போகவில்லை. ஒன்பதாம் நாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தின நாள் காவலரிடம், "என் பொண்டாட்டியே என்னை நம்பல" என்றாராம்.

இப்போது அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். "நீ ஒருத்தன்தாண்ணா என்கிட்ட உண்மையச் சொன்ன" என்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள், சாயம் விட்டது நான்தான். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டாள். என்னை விட்டால் அவள்மேல் அக்கறை உள்ளவர் வேறு யார் இருக்கிறார்கள்?